தொண்ணூறு சதவீத வீடு

"உனக்கு எவ்ளோ எடம் வேணும் பாப்பா?"

கால்வாய்க் கரையில் குடிசைக் கணக்கெடுக்க வந்த ஆபீசர் அம்மா பிலோமியிடம் கேட்ட கேள்வி இது. பிலோமி அப்போது சின்னப் பிள்ளை. வெளி ஆட்கள் பேச்சுக் கொடுத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதில் சொல்ல வராமல் தரையில் குந்தி, முழங்கால்களை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இவ்வளவு போதும் என்று அர்த்தம். கணக்கெடுத்தவள் சிரித்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற அக்கா சலேத்து சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுசாக விரித்து, "எனக்கு இம்மாம் வேணும். எழுதிக்கோங்க" என்றாள். விரித்த கை, அந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அதற்காகத் தன் அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பதிலையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. குடிசைகளை எடுத்துவிட்டு அவர்களைக் குடியேற்றிய வெள்ளப்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே சட்டம்: தலைக்கு இவ்வளவு இடம். தலை கூடினால் வீடு கூடும், தலை குறைந்தால் வீடு குறையும்.

அதற்காகவே அங்கே நகர்சுவர் வைத்திருந்தார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரும் வாசலும் குளியலறையும் மட்டும்தான் சிமெண்ட். உள்ளே எல்லாம் தண்டவாளத்தில் ஓடும் பலகைகள். நிற்க வேண்டிய இடத்தில் நின்று, இடுக்குகளை நுரையால் அடைத்துக்கொண்டால், சுவர் மாதிரியே கெட்டியாகிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் பிளாக் ஆபீஸ் கணினியில் ஒரு படம் இருந்தது. கறுப்புக் கோடு என்றால் சுவர். வெள்ளை என்றால் அறை. கோட்டில் விட்ட இடைவெளி கதவு. மாதத்தின் முதல் தேதி முற்பகலில் மணி அடிக்கும். எல்லோரும் நடைபாதைக்கு வந்து ஆள் கணக்குக்காக மணிக்கட்டில் மாட்டிய பட்டையைக் காட்டி நிற்க வேண்டும். உள்ளே, படத்தில் என்ன இருக்கிறதோ அதன்படி சுவர்கள் நகரும். ஒரு வீட்டில் குறைந்த இடம் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

அதனால் வெள்ளப்பாக்கத்தில் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, போகும்போது சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிலோமியின் அம்மா செத்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கோமளா அக்காவும் தட்டினாள். அழுதுகொண்டேதான் தட்டினாள். அவள் அப்போது பிள்ளைத்தாச்சி.

சலேத்து கல்யாணமாகிப் போனபோது வீடு ஒரு தடவை சுருங்கியது. அம்மா போனபோது இன்னொரு தடவை. அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த மாதமும் சுருங்கியது. அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான். முதலில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம் நுழையவில்லை. பிறகு அம்மாவின் மாதா படம் வைத்த பலகை, கதவில் இடித்தது. பிறகு கட்டிலையே விற்றார்கள்.

"அம்மா இல்லாத வூடு அப்டித்தான் இருக்கும்" என்றார் அப்பா சூசை. துறைமுகத்தில் பெட்டி இறக்குகிற இடத்தில் வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்து படுத்தால் போதும் என்ற அலுப்பு. புகார் கொடுக்கலாம் என்று பிலோமி ஒருநாள் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் சலேத்து வந்துவிட்டாள். அதற்கப்புறம் புகாரைப் பற்றிப் பேச முடியாமல் போயிற்று.

மழைக்காலத்து விடியற்காலை அது. பையில்லை, செருப்பில்லை. இடது மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. "பட்டைய அந்தாளு புடுங்கிக்கினான்" என்றாள் சலேத்து. "அது இல்லாம எங்க போவேன்னு நெனச்சிக்கினான்." முதுகில் என்ன இருந்தது என்று பிலோமிக்குத் தெரியும். வெந்நீர் ஒற்றடம் கொடுத்தவள் அவள்தான்.

பட்டை இல்லாத ஆள், லிஃப்டுக்கு ஆள் இல்லை, ரேஷனுக்கு ஆள் இல்லை, சுவருக்கும் ஆள் இல்லை. கணக்கில் இல்லாத ஒருவரை வைத்திருந்தால் வீட்டையே பிடுங்கிக்கொள்வார்கள். புதுப் பட்டை வேண்டுமென்றால் புருஷன் பெலிக்ஸ் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே சலேத்து உள்ளறைக்குள் போனாள். பழைய துணியும் பாத்திரமும் போட்டு வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. அப்பாவும் பிலோமியும் தூங்குகிற கூடத்துக்குக்கூட அவள் வரப் பயந்தாள். கோமளா அக்காவின் காது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"இன்னாடி பிலோமி, ரெண்டு பேருக்கு மூணு தட்டு கழுவற?" என்று கோமளா ஒருநாள் நடைபாதையில் நிறுத்திக் கேட்டாள். இடுப்பில் குழந்தை.

பிலோமி அவளை ஒதுங்கிக் கடக்கப் பார்த்தாள்.

"அட, வாயத் தொறந்தா காசு கேக்க மாட்டேன். சும்மா சொல்லு."

"ஒண்ணு அம்மா தட்டு" என்றாள் பிலோமி, தரையைப் பார்த்து. "தெனம் வெளக்கி வெப்பேன்."

கோமளாவின் முகம் மாறிவிட்டது. "மன்னிச்சிக்கோடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று முழுக்கப் பிலோமிக்குச் சோறு இறங்கவில்லை. சலேத்து மட்டும் உள்ளறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊமச்சி மாதிரி இருந்துக்கினு இன்னாமா பொய் சொல்ற!"

அப்புறம் இந்த மாதம் முதல் தேதி வந்தது.

மணி அடித்தபோது பிலோமி நடைபாதையில் பட்டையைக் காட்டிக்கொண்டு நின்றாள். சலேத்து வழக்கம்போல உள்ளறையில். பலகைகள் தண்டவாளத்தில் உரசுகிற ஓசை, இழுத்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஓசை. அது நின்றதும் பிலோமி உள்ளே ஓடினாள். போன மாதம்வரை அக்கா பக்கவாட்டில் திரும்பி நுழைந்து வந்துகொண்டிருந்த கதவு இடைவெளி, இப்போது ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. அக்காவின் கை அதன் வழியே வெளியே நீண்டு, காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

"பிலோ. பிலோ, கீறியா?"

"கீறேன்க்கா."

"நீ போடற சோத்துல நான் ஊதிட்டேன் போலடி" என்றாள் சலேத்து. குரல் சிரிக்கப் பார்த்தது. முடியவில்லை.

அன்று தோசையைச் சுருட்டி, தண்ணீரைக் குழாய் வைத்து, இடைவெளி வழியாகக் கொடுத்தாள் பிலோமி. உள்ளே ஒரு வாளி இருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். இடைவெளியின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நடைபாதைக்குப் போய்ப் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"சுவரே சொல்லுது, இங்க எடமில்லன்னு" என்றார் கடைசியில். "ஞாயித்துக்கெழம பெலிக்ஸ் வரேன்னான். ஆளு வெச்சு ஒடச்சிக் கூட்டினு போறேன்றான். பட்டையும் எடுத்தாறேன்றான்."

"நீதான் சொன்னியா நைனா? அக்கா இங்க கீதுன்னு?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயை விரித்தார்.

மறுநாள் காலை பிலோமி பிளாக் ஆபீசுக்குப் போனாள். லிஃப்டில் இறங்குகிற நேரம் முழுக்கச் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். வீடு சுருங்குகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். உள்ளறையைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. வீடு சுருங்குகிறது. வீடு சுருங்குகிறது.

ஆபரேட்டர் தனகோபால், திருச்சிப் பக்கத்து ஆள். காது மடலில் முடி நரைத்திருந்தது. மேசையில் ஒரு பிளாஸ்க், ஒரு கறுப்புத் திரை. திரையில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. வெள்ளை எழுத்து வரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"சுவர் சுருங்குதா?" அவர் திரும்பாமலே கேட்டார். "எல்லாரும் அதான்மா சொல்றாங்க. வீடு அதேதான் இருக்கு. சாமான் வாங்கிக் குமிச்சுட்டு வந்து சுவர் மேல பழி போடுறது."

"கட்டில் நொழையல சார்."

"கட்டில மாத்து."

"வித்தாச்சு சார். பாய் போட்டோம்." பிலோமியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உயர்த்தினாள். "இப்ப பாயையும் ஓரம் மடிச்சித்தான் சார் போடறோம். எங்க நைனா கால நீட்டினா வாசல்ல இடிக்குது."

தனகோபால் திரும்பிப் பார்த்தார். பிறகு வீட்டு எண்ணைக் கேட்டார். விசைகளைத் தட்டினார். கறுப்புத் திரையில் இரண்டு எண்கள் வந்தன. நீளம், அகலம். அவற்றைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது, கோழிக்கூடு மாதிரி இருக்கு?"

"நாங்க ரெண்டு பேருதான் சார்" என்றாள் பிலோமி அவசரமாக.

"ரெண்டு பேருக்கும் இது பத்தாதே." அவர் தாடையைச் சொறிந்தார். "இரு. இந்தச் சனியனுக்கு ஒரு குணம் உண்டு. நீளத்த மட்டும் குறைன்னு சொன்னா, விகிதம் கெட்டுடக்கூடாதுன்னு அகலத்தையும் சேத்துக் குறைச்சிடும். சொன்னத மட்டும் செய்யின்னு ஒரு ஆச்சரியக்குறி போடணும். நான் போடாம விட்டிருப்பேன்." பழைய வரி ஒன்றைத் தேடி எடுத்தார். உதட்டைப் பிதுக்கினார். "ம்ஹும். இது சதவீதம். தொண்ணூறு சதவீதம், ரெண்டு பக்கமும். உங்கம்மா தவறினப்போ போட்டது. சரியாத்தான் இருக்கு."

"அதுக்கப்புறமும் சுருங்குச்சு சார். மாசா மாசம்."

"மாசா மாசமா?"

அவர் விரல் தானாக விசைப்பலகையின் மேல்நோக்கிய அம்புக்குறிக்குப் போயிற்று. ஒரு தட்டு. திரையில் போன மாதம் அவர் கொடுத்த கட்டளை மறுபடி வந்து நின்றது. இன்னொரு தட்டு. அதற்கு முந்தைய மாதத்துக் கட்டளை. பிளாக் ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. கட்டளையைப் புதிதாக யாரும் அடிப்பதில்லை. அம்புக்குறியைத் தட்டிப் பழையதைக் கூப்பிட்டு, வால்பக்கம் கொஞ்சம் மாற்றி, என்டர் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். தனகோபால் அதில் வேகமான ஆள் என்று பேர் வாங்கியவர்.

அவர் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு மாதத்து வரியிலும், நீளமான வீட்டு எண் வரிசையின் நடுவே, பிலோமியின் வீட்டு எண் இருந்தது. பக்கத்தில் தொண்ணூறு சதவீதம்.

அம்புக்குறியிலிருந்து விரலை எடுத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, இந்தப் புரோகிராம் வேற பேர்ல எழுதாது" என்றார் மெதுவாக. "சின்னதாக்குன படத்த அதே பேர்ல, பழசு மேலயே எழுதிடும். நான் ஒரு தடவை தொண்ணூறுன்னு சொன்னேன். அடுத்த மாசம் உங்க வீட்டு நம்பரத் தூக்க மறந்து, அப்படியே தட்டிட்டேன். அது முழு வீட்டுல தொண்ணூறு எடுக்காது. ஏற்கனவே சுருங்குன வீட்டுல தொண்ணூறு எடுக்கும். அடுத்த மாசம் அதுல தொண்ணூறு."

பிலோமிக்குப் புரிந்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் தினமும் அந்தக் கணக்குக்குள் படுத்து எழுந்தவள்.

"உங்கம்மா ஒரு தடவைதான் செத்தாங்க" என்றார் தனகோபால். "நான் மாசா மாசம் சாகடிச்சிருக்கேன்."

அவர் பக்கத்து வீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"பக்கத்து வீட்ல எடம் கூடிக்கிட்டே வந்திருக்குமே. அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

"எடம் கூடினா யாரு சார் புகார் குடுப்பாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "சரி. பழைய அளவுக்குக் கொண்டாந்துடலாம். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. இன்னிக்கே அவசரத் திருத்தம் போட்டுடுறேன். மேல கேட்டா என் தப்புன்னு சொல்லிக்கிறேன்." புதிதாக ஒரு வரியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அம்புக்குறியைத் தொடவில்லை. கறுப்புத் திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் விரிந்தது. பிலோமி முதல்முறையாகத் தன் வீட்டை மேலிருந்து பார்த்தாள். கூடம். சமையல் மூலை. குளியலறை. பின்னால், நான்கு பக்கமும் கறுப்புக் கோடு சுற்றிய சின்னச் சதுரம்.

சுற்றிலும் கோடு. எங்கேயும் இடைவெளி இல்லை.

"கதவு எங்க சார்?"

"எந்தக் கதவு?"

அவள் விரலை நீட்டினாள். "பின் ரூமுக்கு. கூடத்துல இருந்து இருந்துச்சு சார்."

தனகோபால் படத்தைக் கண்ணுக்கு அருகே பெரிதாக்கினார். கறுப்புக் கோட்டில் ஓர் இடம் மட்டும் சாம்பல் படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. "ஓ. இது போயிடுச்சும்மா. படத்தச் சின்னதாக்கும்போது சின்னச் சின்ன இடைவெளியெல்லாம் பக்கத்துல உள்ள கறுப்போட கலந்துடும். திரும்பப் பெரிசாக்குனா, கலந்ததுதான் பெரிசாகும். போனது வராது. இப்ப கொஞ்சம் இடுக்கு மிஞ்சியிருந்தாலும், அடுத்த தடவை சுவர் நகரும்போது அதுவும் மூடிக்கும். வாசக்கதவும் குளியலறையும் சிமெண்ட்ல கட்டுனது, அதனால தப்பிச்சுது."

"பழைய படம்..."

"அது மேலதான் எழுதிட்டேனே." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பரவால்ல. என்ன ரூம் அது?"

"துணி. பாத்திரம்."

"அப்ப சுலபம். அந்தச் சதுரத்த நிரப்பிடலாம். நாலு பலகையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே சுவரா ஆயிடும். மிஞ்சுற இடத்தக் கூடத்துல சேத்துத் தந்துடுறேன், உனக்கு லாபம்." அவர் விரல் விசைப்பலகைக்குப் போயிற்று.

"வேணாம் சார்!"

இவ்வளவு சத்தமாகத் தன் குரலைப் பிலோமி கேட்டதே இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த காவல்காரர்கூடத் தலையை எட்டிப் பார்த்தார்.

"ஏன்மா?"

"கதவு வேணும் சார்."

"கோடு புதுசா போடணும்னா நான் நேர்ல வந்து அளக்கணும். சட்டம் அப்படி. நாளைக்குக் காலைல வரட்டுமா?"

"வேணாம் சார். வராதீங்க."

"வரவும் கூடாது, நிரப்பவும் கூடாது. துணி வைக்கிற ரூமுக்கு அப்படி என்னம்மா கதவு?"

"காத்து வேணும் சார்."

"துணிக்கா?"

பிலோமி தரையைப் பார்த்தாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு சுருண்டு போய்விட வேண்டும் போலிருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அதைக் காலால் மறைத்துக்கொண்டாள்.

தனகோபால் அவளையே பார்த்தார். பிறகு திரையில் அந்தச் சதுரத்தைப் பார்த்தார். பிறகு பிளாஸ்கைத் திறந்து, டீயை மூடியில் ஊற்றி, குடிக்காமல் வைத்தார்.

"ஆள் இருக்கிறது தெரிஞ்சா சுவர் நின்னுடும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "பட்டை இருந்தாத்தான் தெரியும்." மூடியை ஓரமாக நகர்த்திவிட்டு, "நான் ஒண்ணும் கேக்கல" என்றார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மவுசை அவள் பக்கம் நகர்த்தினார். "எங்க இருந்துச்சுன்னு நீயே காட்டு. ஒரு ரூமுக்கு ஒரு இடைவெளிதான். ரெண்டாவது போட்டா சுவர் ஏத்துக்காது."

பிலோமி மவுசைப் பிடித்தாள். திரையில் ஒரு சின்ன அம்பு கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள கோட்டில் போய் நின்றது. இங்கேதான் இருந்தது. இங்கே திறந்தால் அக்கா மறுபடி கூடத்துக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை பெலிக்ஸ் கூடத்துக்கு வருவான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நிற்பார்.

அவள் அம்பை நகர்த்தினாள். சதுரத்தைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கக் கோட்டில் நிறுத்தினாள்.

"அங்க என்னம்மா? அது தீ விபத்துப் படிக்கட்டாச்சே. குப்பை நாத்தம்னு யாரும் போறதே இல்ல."

"இங்கதான் சார்."

"கூடத்துப் பக்கம் முழுசா மூடிடும். வீட்டுக்குள்ள இருந்து அந்த ரூமுக்கே போக முடியாது."

"பரவால்ல சார்."

அவர் தலையாட்டினார். அவள் அழுத்தினாள். கறுப்புக் கோட்டில் வெள்ளையாக ஒரு துண்டு விழுந்தது.

"அது கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றார் தனகோபால். "இன்னும் அகலமா போட்டுக்க. ஆளு நேரா நடக்குற மாதிரி." அவரே அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார். "போ. நீ மேல போய்ச் சேரு. நான் இந்த டீயக் குடிச்சிட்டுத்தான் என்டர் தட்டுவேன். பொறுமையாத்தான் குடிப்பேன்."

லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. பிலோமி படியேறி ஓடினாள். வழியெல்லாம் அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. பெலிக்ஸ் வருவான். கூடத்தில் வெறும் சுவர்தான் இருக்கும்; உள்ளறையையே ஆபீசில் எடுத்துவிட்டார்கள் என்றால் ஆயிற்று. அக்கா போயிடுச்சி மாமா, எங்க போச்சின்னு தெரில என்று சொல்லிவிடலாம். அப்பாவும் நம்பிவிடுவார். படிக்கட்டுப் பக்கம் ஒரு கதவு இருப்பது தனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். காலையில் ஒருதரம், இருட்டினபிறகு ஒருதரம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம். மொட்டைமாடிக்குக்கூட இரண்டு பேரும் போகலாம். ஒரு பொய்யை இவ்வளவு ஒழுங்காக அவள் அதுவரை கட்டியதில்லை. மூச்சிரைப்பு நடுவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்து, இடைவெளியில் வாயை வைத்தாள். "அக்கா! இப்ப மணி அடிக்கும். பயந்துக்காத. இந்தப் பக்கம் மூடிக்கும். அந்தப் பக்கம், படிக்கட்டாண்ட, பெருசா தொறக்கும். ரூமும் பெருசாவும்."

உள்ளே சலேத்து நகர்கிற ஓசை. அவள் விரல்கள் வெளியே வந்தன. பிலோமி அவற்றைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தன.

"யாருக்கும் தெரியாதுக்கா. அந்தாளு வந்தாலும் சுவத்தத்தான் பாப்பான். நான் தெனம் சோறு எடுத்தாரேன். நீ இங்கியே இருக்கலாம். எவ்ளோ நாள் வேணுமோ, அவ்ளோ நாள் இருக்கலாம்."

விரல்கள் ஒருமுறை இறுக்கின. பிறகு மெல்ல உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டன.

மணி அடித்தது.

நடைபாதையில் ஜனங்கள் முதல் தேதி இல்லாத நாளில் மணி அடித்த அதிர்ச்சியோடு வந்து நின்றார்கள். ஒருவர் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பலகைகள் உரச ஆரம்பித்தன. இந்தத் தடவை ஓசை வேறுமாதிரி இருந்தது, ரொம்ப நேரம் அடக்கிய மூச்சை விடுகிறதுபோல. பிலோமியின் வீட்டுக் கூடம் கண்ணெதிரே விரிந்தது. உள்ளறையின் இடைவெளி மெலிந்து, நூலாகி, இல்லாமல் போயிற்று.

பக்கத்து வாசலில் கோமளா கத்தினாள். "ஐயோ, தொட்டில் கட்ற எடத்துல சுவரு வருதே! யாருடா இது?" திரும்பி, பிலோமியின் கையைப் பிடித்துவிட்டாள். "நீதான? காலீல ஆபீசுக்கு ஓடினியே, நீதான போட்டுக் குடுத்த? கொழந்த இருக்கற வூடுடி இது!"

பிலோமி கையை இழுத்துப் பார்த்தாள். கோமளா விடவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். பிலோமி நிமிர்ந்து கோமளாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அது எங்கம்மா எடம்க்கா" என்றாள்.

கோமளாவின் பிடி தளர்ந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது. அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே, "தொட்டில எங்கடி கட்டுவேன்?" என்று கோமளா கேட்டாள், இப்போது சண்டைக்காக இல்லாமல். பலகைகள் நின்றன. பிலோமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடைபாதையின் கோடிக்கு ஓடி, துருப்பிடித்த இரும்புக் கதவைத் தள்ளினாள்.

படிக்கட்டில் அழுகின வாழைத்தோல் நாற்றம். திருப்பத்தில், எப்போதும் வெறும் பலகையாக இருந்த இடத்தில், அகலமாக ஒரு வாசல் திறந்திருந்தது. ஆள் நேராக நடக்கிற அகலம். உள்ளே அறை முன்பைவிடப் பெரிதாகக் கிடந்தது. வாளி ஓரமாக, துணி போட்டு மூடி. பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. அதன் மேல் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

சலேத்து அறையில் இல்லை. கீழே, அடுத்த திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே கம்பி போட்ட ஒரு திறப்பு வழியாக வெயில் உள்ளே விழுந்தது. இத்தனை மாதம் வெயில் படாத முகத்தை அதற்குக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். அம்மாவின் பழைய புடவை. காலில் செருப்பில்லை.

பிலோமிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வரைந்தது அக்காவுக்குச் சோறு கொண்டுபோகிற வழி என்றுதான் நினைத்திருந்தாள்.

அக்கா என்று கூப்பிட வாயெடுத்தாள். பட்டையில்லாமல் எங்கே போவாய், எந்தக் கதவு உனக்குத் திறக்கும் என்று கேட்க வேண்டும். போகாதே என்று சொல்ல வேண்டும். மேலே இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கோமளாவின் குரல் கேட்டது. கூப்பிட்டால் எல்லோரும் ஓடிவருவார்கள். அக்கா இங்கேயே இருப்பாள். பிலோமி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சலேத்து கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தாள். தங்கை மேலே நிற்பதைக் கண்டாள். பிறகு சலேத்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள், விரல்நுனி வரைக்கும், முழுசாக. எதிலும் இடிக்கவில்லை.

கைகளை இறக்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.